கேரவன் டிரெய்லரில் கரண்ட் கோளாறு: பேட்டரியில் தொடங்கி பிளக் வரை தேடிப்பிடிக்கும் வழி

கேரவனில் விளக்கு மங்கினாலும், தண்ணீர் மோட்டார் முனகினாலும், ஃபிரிட்ஜ் நின்றாலும் எல்லோரும் முதலில் குறை சொல்வது பேட்டரியைத்தான். கடைக்காரரும் அதையேதான் சொல்வார், அவருக்குப் பேட்டரி விற்கவேண்டும். புது பேட்டரி போட்டு இரண்டு நாள் கழித்தும் விளக்கு அதே மங்கலில் எரிவதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவில் துருப்பிடித்த போல்ட், சரியாக அழுத்தாத லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை), மெல்லிய ஒயர் என்று ஏதோ ஒன்று கரண்டைத் தின்றுகொண்டிருக்கும். எனவே எதையும் கழற்றி மாற்றுவதற்கு முன், லோடு ஓடும்போது அளந்து பாருங்கள். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை இதுதான்.

கொங்குப் பக்கம் கேரவன் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. ஒன்று, வண்டியைக் கட்டியது பெரும்பாலும் லாரி, பஸ் வேலையில் பழகிய கை. கரூர் பஸ் பாடிக்கும் நாமக்கல் லாரி பாடிக்கும் பேர்போன ஊர்கள். அந்தப் பட்டறைகளின் வேலை உறுதியாக இருக்கும், ஆனால் ஒயரிங் பழக்கம் லாரிக்கு உரியது. இரண்டு, நாம் வண்டியை நிறுத்துவது முறையான கேரவன் பார்க்கில் இல்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலோ, தாராபுரம் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்துச் சாளையிலோ (தோட்டத்து வீட்டிலோ) நிறுத்தி, அங்கே இருக்கும் பிளக்கில் ஒயரைச் செருகுகிறோம். அந்தப் பிளக்கில் என்ன வருகிறது என்பது தனிக் கதை, பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

வண்டிக்குள் இரண்டு கரண்ட்

கேரவனுக்குள் தனித்தனியான இரண்டு ஒயரிங் இருக்கிறது. ஒன்று பேட்டரி தரும் 12 வோல்ட் டிசி. விளக்கு, தண்ணீர் பம்ப், மின்விசிறி, கேஸ் கசிவு அலாரம், பெரும்பாலான கேரவன் ஃபிரிட்ஜ் எல்லாம் இதில் ஓடும். இன்னொன்று 230 வோல்ட் ஏசி. வெளியே ஒயர் செருகினாலோ, இன்வெர்ட்டர் போட்டாலோதான் இது வரும். ஏசி இயந்திரம், மிக்ஸி, சுவர் பிளக் எல்லாம் இதில். இரண்டையும் இணைப்பது சார்ஜர். சில வண்டிகளில் அதற்குக் கன்வெர்ட்டர் என்று பெயர். 230ஐ வாங்கி 13, 14 வோல்ட்டாக மாற்றிப் பேட்டரிக்குக் கொடுப்பது அதன் வேலை.

கோளாறு வந்ததும் முதல் கேள்வி: எந்தப் பக்கம் செத்திருக்கிறது? வெளி ஒயரைப் பிடுங்கிவிட்டு விளக்கைப் போடுங்கள். எரிந்தால் 12 வோல்ட் பக்கம் உயிரோடு இருக்கிறது. ஒயர் செருகினால் மட்டும் எரிந்து, பிடுங்கியதும் அணைந்தால் பேட்டரி அல்லது பேட்டரியிலிருந்து வரும் பாதை. செருகும்போது நன்றாக எரிந்து, தோட்டத்தில் ஒரு ராத்திரி ஒயர் இல்லாமல் தங்கினால் காலைக்குள் இறங்கிவிடுகிறது என்றால் பேட்டரியின் கொள்ளளவு, சார்ஜ் ஏறும் அளவு, தெரியாமல் கசியும் கரண்ட் ஆகிய மூன்றில் ஒன்று. இந்த ஐந்து நிமிடச் சோதனை பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

கையில் என்ன வேண்டும்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதே இந்த வேலைக்குப் போதுமானது. கிளாம்ப் மீட்டர் வாங்குவதாக இருந்தால் டிசி ஆம்பியர் அளக்குமா என்று பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசியை மட்டுமே அளக்கும், பேட்டரி ஒயரில் போட்டால் சுழியம் காட்டும். ஆசிட் ஊற்றும் பேட்டரியாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், பிறகு 10, 12, 13 சைஸ் ஸ்பேனர், உப்புத்தாள், ஒரு பழைய பல் பிரஷ், கொஞ்சம் ஆப்ப சோடா, வாசலின். ஒரு கார் ஹெட்லைட் பல்பையும் இரண்டு ஒயரில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் இழுக்கும். டெஸ்டரை விட, சமயத்தில் மீட்டரை விடவும் அது உண்மை பேசும்.

தொடுவதற்கு முன்

மோதிரம், காப்பு, இரும்பு வாட்ச் ஸ்டிராப் கழற்றுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரிதான். ஆனால் ஸ்பேனரோ மோதிரமோ பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் மாட்டினால் நொடியில் பழுத்துச் சிவக்கும், சதையோடு ஒட்டும். பேட்டரி கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் பீடியோ லைட்டரோ கூடாது. வெளி ஒயர், சோலார், இன்வெர்ட்டர் மூன்றையும் அணைத்துவிட்டுத்தான் கைவைக்கவேண்டும். சோலாரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டோம் என்ற நினைப்பில் இருக்கும்போது கூரையில் பேனல் உயிரோடுதான் இருக்கும்.

230 வோல்ட் பக்கம் பழக்கம் இல்லாதவர்கள் அளப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பெட்டியைத் திறக்கும் வேலையை உரிமம் உள்ள ஒயர்மேனிடம் விடுங்கள்.

படி ஒன்று: பேட்டரியைத் தனியாக விசாரிப்பது

சார்ஜ் ஏறி முடித்த பேட்டரியை எல்லா இணைப்பும் விட்டு மூன்று நான்கு மணி நேரம் சும்மா விடுங்கள். உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் 13க்கு மேல் காட்டி ஏமாற்றும். ஓய்வுக்குப் பிறகு 12.6, 12.7 வந்தால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி, 11.8க்குக் கீழே போனால் காலி. முழுக்க சார்ஜ் போட்டும் 10.5 பக்கத்தில் நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்திருக்கிறது, அதற்கு மருந்து கிடையாது.

இந்தக் கணக்கில் ஒரு சின்னத் திருத்தம். நம் ஊர் டியூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரிகளில் ஆசிட் கொஞ்சம் லேசாகவே வைத்திருப்பார்கள், வெயில் தேசத்துக்கு அதுதான் ஆயுள் தரும். முழு சார்ஜில் ஹைட்ரோமீட்டர் 1.240 சுற்றிக் காட்டும். கிராவிட்டி எனப்படும் இந்த எண்ணோடு 0.84 கூட்டினால் ஒரு செல்லின் வோல்டேஜ் என்பது பேட்டரிக்காரர்களின் பழைய கணக்கு. அப்படிப் பார்த்தால் 2.08, ஆறு செல்லுக்கு 12.5 தான் வரும். 12.7 வரவில்லையே என்று நல்ல டியூபுலரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கார் பேட்டரியில் இதே எண் 1.265 பக்கத்தில் இருக்கும்.

ஹைட்ரோமீட்டரில் எண்ணை விட வித்தியாசம் முக்கியம். ஐந்து செல் 1.230ம் ஒன்று மட்டும் 1.170ம் காட்டினால் அந்த ஒன்றுதான் மொத்தப் பேட்டரியையும் இழுத்துப் போடுகிறது. ஆறும் சேர்ந்து 1.180 காட்டினால் பேட்டரி கெடவில்லை, பட்டினி கிடக்கிறது. சார்ஜரைப் பார்க்கவேண்டும்.

அடுத்து லோடு சோதனை. ஹெட்லைட் பல்பு இரண்டை நேராகப் பேட்டரி முனையில் கொடுங்கள், ஒன்பது ஆம்பியர் போகும். நல்ல 100 ஆம்பியர்-அவர் பேட்டரி சட்டென்று கொஞ்சம் இறங்கி அங்கேயே நிற்கும். நிற்காமல் 12.1, 11.9, 11.6 என்று கண்முன்னே வழுக்கிக்கொண்டே போனால் அதன் காலம் முடிந்தது. ஓய்வில் 12.6 காட்டுவதை வைத்து அதற்கு நற்சான்று தராதீர்கள்.

தண்ணீர் இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. போர் தண்ணீர் கூடவே கூடாது, ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். சார்ஜ் போட்ட பிறகு நிரப்புவது நல்லது, முன்னால் நிரப்பினால் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் மூடும் அளவுக்கு முதலில் ஊற்றி, பிறகு சார்ஜ் போடலாம்.

லித்தியம் பாஸ்பேட் பேட்டரி வேறு ஜாதி. நான்கு செல், 12.8 வோல்ட் என்று பெயர். ஓய்வில் 13.3 காட்டும், பாதிக்கு மேல் தீர்ந்த பிறகும் கிட்டத்தட்ட அதையே காட்டும். அதனால் இதற்கு வோல்டேஜ் வைத்துக் கணக்குப் பார்ப்பது வீண். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷண்ட் மீட்டர் வேண்டும். திடீரென்று சுழியமோ இரண்டு மூன்று வோல்ட்டோ காட்டினால் பயப்படவேண்டாம். உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் மின்னணுச் சுற்று) பாதுகாப்புக்காகக் கதவைச் சாத்தியிருக்கிறது. லித்தியத்துக்கு ஏற்ற சார்ஜரைக் கொடுத்தால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். உள்ளூரில் அசெம்பிள் செய்த பேக் வாங்கியிருந்தால், செல் எந்த வகை என்று கட்டாயம் கேளுங்கள். இ-ஸ்கூட்டரில் வரும் என்எம்சி வகை மூன்று செல் பேக்குக்கு 12.6 தான் உச்சம். அதற்கு 14.4 கொடுக்கும் சார்ஜரை மாட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

படி இரண்டு: பாதையில் எங்கே காணாமல் போகிறது

என்னைக் கேட்டால் முழு வழிகாட்டியில் இந்த ஒரு பகுதியைக் கற்றுக்கொண்டால் போதும். பேட்டரியில் 12.5 இருக்கிறது, ஆனால் பம்ப் முனகுகிறது. பம்பை ஓடவிட்டு அதன் இரண்டு ஒயரிலும் மீட்டரை வையுங்கள். 10.9 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.6 வோல்ட் வழியில் போய்விட்டது. எங்கே?

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், அதைக் கவ்வும் கிளாம்பில் வேண்டாம். கருப்பு முனையைப் பம்பின் பிளஸ் ஒயரில். பம்ப் ஓடவேண்டும். மீட்டர் காட்டும் எண், அந்தப் பாதி வழியில் இழந்தது. 0.2, 0.3 என்றால் பரவாயில்லை. இப்போது மைனஸ் பக்கம் அதே மாதிரி: பேட்டரி மைனஸ் கம்பம், பம்பின் மைனஸ். அங்கே 1.3 காட்டினால் ஆள் அகப்பட்டுவிட்டான். இனி கருப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் தடாலென்று விழுகிறதோ அதுதான் இடம்.

லோடு இல்லாமல் இந்தச் சோதனை எதையும் காட்டாது. கரண்ட் ஓடினால்தான் வோல்டேஜ் இழப்பு தெரியும். ஓம் அளக்கும் சுவிட்சில் வைத்துப் பார்ப்பதும் வீண்தான். இருபது இழையில் பத்தொன்பது அறுந்த ஒயரும் மீட்டருக்கு நல்ல ஒயராகத் தெரியும்.

என் அனுபவத்தில் குற்றவாளி மைனஸ் பக்கத்தில் இருப்பதே அதிகம். லாரியில் சேசிஸையே மைனஸாகப் பயன்படுத்துவார்கள், பாடி பட்டறையில் கட்டிய டிரெய்லரிலும் அப்படியே செய்திருப்பார்கள். பெயின்ட் மேலேயே ஒரு போல்ட், அதில் நான்கைந்து லக். ஆறு மாதம் நன்றாக இருக்கும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவையும் ஒரு மழையையும் பார்த்த பிறகு போல்ட் தளர்ந்து, இடையில் துரு ஏறும். கழற்றி, இரும்பு மின்னும்வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். முடிந்தால் சேசிஸை நம்பாமல் பேட்டரி மைனஸிலிருந்து ஃபியூஸ் பெட்டிப் பக்கம் ஒரு தனித் தாமிர ஒயர் இழுத்துவிடுவது நிரந்தரத் தீர்வு. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு எங்கே கண்ணில் பட்டாலும் வெட்டி எறிந்துவிட்டு, லக் வைத்து கிரிம்ப் அடியுங்கள்.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றித் தேய்க்கவேண்டும். நுரைத்து அடங்கும். செல் மூடிக்குள் அந்தத் தண்ணீர் போகக்கூடாது.

இன்னொரு பட்டறை வினோதம்: பெரிய லாரிக்கும் பஸ்ஸுக்கும் 24 வோல்ட். அந்த ஸ்பேர்ஸ் கடையில் வாங்கிய பல்போ ரிலேவோ உங்கள் 12 வோல்ட் வண்டியில் வந்து உட்கார்ந்திருக்கலாம். 24 வோல்ட் பல்பு 12ல் அழுது வடியும், 24 வோல்ட் ரிலே சமயத்தில் இழுக்கும், சமயத்தில் இழுக்காது. ஒயரிங் முழுக்கத் தேடுவதற்கு முன்னால் பல்பின் அடியில் அச்சடித்திருப்பதைப் படித்துவிடுங்கள்.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், மாட்டிய நிலையிலேயே அதன் தலையில் இருக்கும் இரண்டு புள்ளியிலும் வோல்டேஜ் பாருங்கள். ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லை என்றால் போய்விட்டது. 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 10 தான். ஃபியூஸ் கம்பியைச் சுற்றி ஓட்டுவது வீட்டிலேயே தப்பு, பிளைவுட்டும் ஃபோமும் நிறைந்த வண்டியில் கேட்கவே வேண்டாம். பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு பெரிய ஃபியூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் அது இருக்காது.

படி மூன்று: சார்ஜ் வருகிறதா

சார்ஜர் ஓடும்போது பேட்டரி முனையில் அளக்கவேண்டும். ஈய-ஆசிட் பேட்டரிக்கு வேகமாக ஏறும்போது 14.4 பக்கம், நிரம்பிய பிறகு 13.5, 13.8. ஓய்வில் இருந்த அதே 12.5 தான் இப்போதும் என்றால் சார்ஜர் செத்திருக்கிறது, அல்லது அதன் ஃபியூஸ். பல சார்ஜர்களில் பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் போவதற்கென்றே தனி ஃபியூஸ் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். 15க்கு மேல் ஏறினால் உடனே அணையுங்கள், பேட்டரியைக் கொதிக்கவைக்கிறது.

இழுக்கும் வண்டியிலிருந்து வரும் சார்ஜில்தான் நிறைய ஏமாற்றம். நம் ஊரில் பெரும்பாலும் மாட்டியிருக்கும் சாதாரண 7 பின் இணைப்பு விளக்குகளுக்கானது, அதில் சார்ஜ் லைன் என்று ஒன்று கிடையாது. தனியாக ஒயர் இழுத்திருந்தாலும் தடிமனைப் பாருங்கள். வண்டி பேட்டரியிலிருந்து கேரவன் பேட்டரிக்கு எட்டு மீட்டர் என்றால் போகவர பதினாறு. 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் 15 ஆம்பியர் போனால் 1.6 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். இழுக்கும் வண்டியின் எஞ்சினோடு ஓடிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் கேரவனுக்கு 12.5 தான் வந்து சேரும், பேட்டரி எப்படி நிறையும்? 6 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.7. புதிய பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் டீசல் மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். அவற்றுக்கு டிசி-டிசி சார்ஜர் ஒன்றுதான் வழி. அது குறைந்த வோல்டேஜை வாங்கி, பேட்டரிக்கு வேண்டியபடி உயர்த்திக் கொடுக்கும்.

சோலாரில் முதல் சந்தேகம் நிழல். பேனலின் ஒரு மூலையில் தென்னை ஓலை நிழல் விழுந்தாலே வரத்து பாதிக்குக் கீழே போகும். தோப்புக்குள் நிறுத்திவிட்டு, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கன்ட்ரோலரைத் திட்டுவதில் பயனில்லை. ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் வரும் மாதங்களில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் சோலாரை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. அடுத்த சந்தேகம் பொருத்தமின்மை. வீட்டுக் கூரைக்கு வாங்கிய 330 வாட், 72 செல் பேனலைச் சாதாரண பிடபிள்யூஎம் கன்ட்ரோலரில் மாட்டியிருப்பார்கள். அந்தப் பேனல் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தரும். பிடபிள்யூஎம் அதை 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும், ஆம்பியர் அதே 9 தான். 330க்கு 120 வாட் கூடத் தேறாது. அங்கே மிச்ச வோல்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் போட்டால் பணம் வீணாகாது. கன்ட்ரோலரில் பேட்டரியை முதலில் மாட்டி, பிறகு பேனலை மாட்டவேண்டும். கழற்றும்போது பேனல் முதலில்.

படி நான்கு: தோட்டத்துப் பிளக்

ஒயரைச் செருகுவதற்கு முன்னால் மீட்டரைச் செருகுங்கள். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

முதலில் எந்த இணைப்பு என்று பாருங்கள். மோட்டார் ரூமில் இருப்பது விவசாய இணைப்பு. அதில் கேரவன் ஓட்டுவது மின்வாரிய விதிப்படியே தப்பு, மாட்டினால் தோட்டக்காரருக்குத்தான் வம்பு. மின்சாரப்படி பார்த்தாலும் அது மோசமான இடம். மும்முனைக் கரண்ட், முனைக்கு முனை 415 வோல்ட். நியூட்ரல் ஒயரைப் பற்றி மோட்டாருக்குக் கவலை இல்லாததால் அது எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். ஒரு முனை இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு ஓட்டும் லைனில் வோல்டேஜ் எப்படியும் இருக்கும். அங்கே இருக்கும் ஒற்றைப் பல்பு எரிகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சாளையின் வீட்டு இணைப்பில் எடுப்பதுதான் முறை. எடுப்பதற்கு முன் தோட்டக்காரரிடம், "ஏனுங்க, ராத்திரி ஏழு மணிக்கு மேல வோல்டேஜ் எப்படி இருக்குமுங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "மிக்ஸி ஓடாதுங்க" என்றால் நிலவரம் புரிந்துவிடும். லைன் கடைசியில் இருக்கும் தோட்டங்களில் மாலையில் 180க்குக் கீழே இறங்குவது சகஜம். ஏசி இயந்திரம் அப்போது ஸ்டார்ட் ஆக முடியாமல் திணறிச் சூடாகும், பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் சார்ஜே ஏற்றாது. வோல்டேஜ் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் தானே துண்டிக்கும் புரொடெக்டர் ஒன்றை வண்டியின் நுழைவிலேயே போட்டுவிடுவது நல்ல செலவு.

ஒரு பல்பு மங்கும்போது இன்னொரு அறையின் பல்பு வழக்கத்தை விடப் பளிச்சென்று எரிந்தால், மும்முனை வீட்டில் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டில் எதையும் செருகாதீர்கள், இ.பி.க்குச் சொல்லச் சொல்லுங்கள். 230 வரவேண்டிய இடத்தில் 350 வரலாம்.

எக்ஸ்டென்ஷன் ஒயர் 2.5 ஸ்கொயர் எம்எம், மூன்று கோர். முப்பது மீட்டர் நீளத்துக்கு 1 ஸ்கொயர் ஒயரில் 10 ஆம்பியர் இழுத்தால் 10 வோல்ட் போகும், 100 வாட் சூடாக ஒயரிலேயே இறங்கும். அதைச் சுருளாக வைத்திருந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். நீளம் தேவையில்லை என்றாலும் முழுக்க அவிழ்த்துப் போடுங்கள்.

எர்த்: இதில் மட்டும் சமாதானம் கிடையாது

கேரவன் ரப்பர் டயரில் நிற்கிறது. உள்ளே எங்காவது ஃபேஸ் ஒயர் பாடியைத் தொட்டால், எர்த் சரியாக இல்லாதபோது மொத்தத் தகரமும் 230 வோல்ட்டில் நிற்கும். உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஈரத் தரையில் நின்றபடி கதவுப் பிடியைத் தொடுபவர்தான் பூமிக்குப் பாதை ஆவார்.

மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750ல் வைத்துப் பிளக்கில் மூன்று அளவு எடுங்கள். சாக்கெட்டைப் பார்த்தபடி வலது ஃபேஸ், இடது நியூட்ரல், மேலே பெரிய ஓட்டை எர்த். ஃபேஸ்-நியூட்ரல் 230, ஃபேஸ்-எர்த் கிட்டத்தட்ட அதே எண், நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். ஃபேஸ்-எர்த் 90, 120 என்று தொங்கினால் எர்த் ஒயர் எங்கும் போய்ச் சேரவில்லை. கொங்கு வறண்ட மண், சித்திரை வைகாசியில் எர்த் குழியே காய்ந்து கிடக்கும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் சில வீடுகளில் நிலைமை மாறும். ஆனால் அதை அன்றைய கைவைத்தியமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பதும் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

எர்த் இல்லாத வீட்டில், "நியூட்ரலை எர்த் பின்னுக்கு ஒரு லூப் அடிச்சுத் தர்றேனுங்க, மீட்டர்ல சரியாக் காட்டும்" என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். நியூட்ரல் எங்காவது விட்டுப்போன அன்று உங்கள் வண்டியின் பாடி நேராக ஃபேஸ் ஆகிவிடும்.

தகரத்தைத் தொட்டால் சுறுசுறுவென்று இருக்கிறது, ஆனால் பெரிய ஷாக் இல்லை என்பார்கள். சார்ஜர் போன்ற மின்னணுச் சாதனங்களில் இருக்கும் ஃபில்டர் கண்டன்சர் வழியாக, எர்த் இல்லாதபோது ஏறக்குறைய பாதி வோல்டேஜ் பாடியில் வந்து நிற்பதுதான் பெரும்பாலும் காரணம். கரண்ட் சொற்பம், ஆனால் எர்த் இல்லை என்பதற்கு அது சாட்சி. அதே உணர்வு உண்மையான கசிவாலும் வரும், கையை வைத்துப் பிரித்தறிய முடியாது. ஒயரை வீட்டுப் பக்கம் முதலில் பிடுங்குங்கள், பிறகு தேடலாம்.

வண்டிக்குள், கசிவு வந்ததும் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் இருக்கவேண்டும், புறப்படும் முன் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அது அடிக்கடி விழுந்தால், உள்ளே எல்லா எம்சிபி சுவிட்சுகளையும் அணைத்து ஒவ்வொன்றாகப் போடவும். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த லைனில் கோளாறு. கேரவனில் இது பெரும்பாலும் கீசர் காயிலாகவோ, மழை புகுந்த வெளிப் பிளக்காகவோ இருக்கும். சிறிய ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் ஆர்சிசிபியை நம்பாதீர்கள். அவற்றில் நியூட்ரல் எதனோடும் கட்டப்படாமல் மிதப்பதால் விழாமல் போகலாம்.

படி ஐந்து: ராத்திரியில் யார் குடிக்கிறார்கள்

எல்லாவற்றையும் அணைத்தும் பேட்டரி இறங்கினால், மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி மைனஸுக்கும் அதன் ஒயருக்கும் நடுவில் தொடராகக் கொடுங்கள். அந்த நேரத்தில் பம்பையோ இன்வெர்ட்டரையோ போட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 0.3 ஆம்பியர் காட்டினால் அற்பம் என்று தோன்றும். ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர்-அவர், ஒரு வாரத்தில் 100 ஆம்பியர்-அவர் பேட்டரி பாதி காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள், எண் விழும் இடத்தில் திருடன். கேஸ் அலாரம், ஸ்டீரியோவின் நினைவு, யூஎஸ்பி பிளக்குகளின் நீல விளக்கு என்று சின்னச் சின்னதாகச் சேரும். பெரிய திருடன் இன்வெர்ட்டர். எதுவும் ஓட்டாமல் சும்மா போட்டு வைத்தாலே ஓர் ஆம்பியரோ இரண்டோ இழுக்கும். கேஸ் அலாரத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். ஆள் இல்லாமல் வண்டி கிடக்கும்போது லாரிகளில் போடும் கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்றை மைனஸில் போட்டு அணைத்துவிட்டால் போதும்.

இன்வெர்ட்டர் "லோ பேட்டரி" என்று கத்துகிறது, பேட்டரியோ நிறைந்திருக்கிறது என்றால் மறுபடி படி இரண்டுதான். 750 வாட் மிக்ஸி 12 வோல்ட்டில் 70 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த வேகத்தில் ஒரு லூஸ் நட்டு கூட அரை வோல்ட்டை விழுங்கிவிடும். மிக்ஸி ஓடும்போது இன்வெர்ட்டரின் சொந்த முனையில் அளந்து, பேட்டரி முனை எண்ணோடு ஒப்பிடுங்கள். இன்டக்ஷன் அடுப்பை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2000 வாட்டுக்கு ஏறக்குறைய 190 ஆம்பியர். கேஸ் அடுப்பே மேல்.

பின் விளக்குகள்

இடது இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் சேர்ந்து கண்சிமிட்டினால் 7 பின் இணைப்பில் எர்த் விட்டிருக்கிறது. இது ஒன்று தெரிந்தால் பாதிப் புகார் தீரும். ஐரோப்பிய முறையில் மூன்றாம் பின், வெள்ளை ஒயர்தான் எர்த். ஆனால் நம் பட்டறைகளில் நிறத்தை நம்பாமல் பல்பு வைத்துச் சோதித்துவிடுங்கள். பின்களுக்குள் மண் ஏறுவதும் சகஜம், மூடியில்லாத சாக்கெட்டை அப்படியே விடாதீர்கள்.

மாற்றியே ஆகவேண்டும் என்றால்

இத்தனைக்கும் பிறகு பேட்டரிதான் குற்றவாளி என்று தெரிந்தால், வீட்டில் கிடக்கும் உயர டியூபுலரைத் தூக்கி டிரெய்லரில் வைக்கும் ஆசையை விடுங்கள். ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, குலுங்கினால் ஆசிட் தெறிக்கும். பழைய கார் பேட்டரியும் வேண்டாம். அது நொடி நேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றுவதற்குச் செய்தது, நாலைந்து முறை ஆழமாக இறக்கினாலே படுத்துவிடும். ஆழமாக இறக்கினாலும் தாங்கும், சீல் செய்த ஏஜிஎம் டீப் சைக்கிள் அல்லது லித்தியம் பாஸ்பேட் வாங்குங்கள். லித்தியம் என்றால் சார்ஜரிலும் சோலார் கன்ட்ரோலரிலும் அதற்கான செட்டிங் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பழைய 13.6 வோல்ட் கன்வெர்ட்டர் அதை முழுக்க நிரப்பாது.

எந்தப் பேட்டரிக்கும் வெயில் எதிரி. ஈய-ஆசிட் பேட்டரிக்கு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கரூரிலும் ஈரோட்டிலும் கோடையில் 40ஐத் தாண்டும்போது, வண்டியின் நாக்கில் (முன்னால் நீளும் இழுவைச் சட்டத்தில்) தகரப் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி இன்னும் எவ்வளவு சூட்டில் கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வண்டியின் நாக்கு நிழலில் இருக்கும்படி நிறுத்துவதும், பெட்டியில் கீழும் மேலும் காற்றுத் துளை வைப்பதும் செலவில்லாத வேலைகள்.

கடையில் வாங்கும்போது உங்கள் மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். புது ஏஜிஎம் 12.4க்குக் கீழே காட்டினால் அது அலமாரியில் நெடுநாள் கிடந்தது, வேறு கேளுங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்து ஈய விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படியும் அதைக் குப்பையில் போடக்கூடாது.